மூன்று மாதம் தங்கினால் நம்ம பங்கு ஆள்தான்: புலம்பெயர்ந்தோர் மேய்ப்புப்பணி படித்த கதை

பிள்ளை காலேஜுக்குப் போகிற வயதில் அம்மா "இறையியல் படிக்கிறேன்" என்று கிளம்பினால் கடலூரில் இரண்டு கேள்விதான் வரும். ஒன்று, "மடத்துல சேரப் போறீங்களா?" இன்னொன்று, "இதப் படிச்சா சம்பளம் ஏறுமா?" இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். நான் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார். பொதுநிலையினருக்கான, அதாவது குருவோ துறவியோ அல்லாத கத்தோலிக்கருக்கான, இறையியல் பட்டயப் படிப்பில் சேர்ந்து, சிறப்புப் பாடமாகப் புலம்பெயர்ந்தோர் மேய்ப்புப்பணியை, அதாவது ஊர் விட்டு வந்தவர்களைத் திருச்சபை கவனித்துக்கொள்ளும் பணியை, எடுத்து, ஒருவழியாக முடித்தேன். சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் அவ்வப்போது விசாரிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

சேர்வது பெரிய வேலை இல்லை. நம் பங்கின், அதாவது நாம் சேர்ந்த கோயில் வட்டாரத்தின், பொறுப்புக் குருவான பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம், திருமுழுக்குச் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், அவ்வளவுதான். பாடங்கள் தபாலில் வரும். சனிக்கிழமைகளில் புதுச்சேரியில் நேரடி வகுப்பு. பேருந்து நிலையத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு நடந்தால் நேரத்துக்குப் போய்விடலாம், கன்னியக்கோவில் தாண்டி டிராஃபிக்கில் மாட்டாமல் இருந்தால். வகுப்பில் பாதிப் பேர் மறைக்கல்வி ஆசிரியர்கள், சில சிஸ்டர்கள், ஓய்வு பெற்ற ஒரு வங்கி மேனேஜர். அவர்தான் எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துத் தருவார்.

விவிலியத் தாளில் எனக்குச் சிரமம் இல்லை. ஞாயிறு மறைக்கல்வியில் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்த கதைகள்தான். ஆனால் ரூத்தை அதுவரை மாமியார்-மருமகள் கதையாகவே சொல்லியிருந்தேன். வகுப்பில் ஃபாதர் இடப்பெயர்ச்சிக் கணக்குப் போட்டுக் காட்டினார். பெத்லகேமில் பஞ்சம் என்று நகோமி குடும்பம் மோவாபுக்குப் போகிறது. அங்கே ஆண்கள் எல்லாரும் செத்துப்போக, மோவாபியப் பெண் ரூத்து மாமியாரோடு பெத்லகேமுக்கு வருகிறாள். போனவர்களும் வந்தவளும் ஒரே குடும்பம். வந்த ஊரில் அவள் பிழைத்தது வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி. அந்தக் கதிரை ஏழைக்கும் அன்னியனுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்ற சட்டம் லேவியர் 19-இல் இருக்கிறது. அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளித்தான், உங்களிடம் தங்கும் அன்னியனை உங்களைப் போல நேசியுங்கள் என்று வருகிறது. அன்பு செய் என்று சொல்வதற்கு முன்னால் கதிரை விட்டுவை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

திருச்சபை வரலாற்றில் ஆண்டுகள்தான் உயிரை வாங்கும். தேர்வுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். இத்தாலியில் பியாசென்சா ஆயர் ஸ்கலபிரினி, மிலான் ரயில் நிலையத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்துக் கிடந்த ஏழைகளைப் பார்த்தது, 1887-இல் அவர்களுக்காகவே ஒரு துறவற சபை தொடங்கியது, 2022 அக்டோபர் 9-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 'எக்சுல் ஃபமிலியா' வெளியிட்டது. எகிப்துக்குத் தப்பி ஓடிய திருக்குடும்பத்தை எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக வைத்துத் தொடங்கும் ஏடு அது. 2004-இல் புலம்பெயர்ந்தோர் பணி பற்றி வத்திக்கான் வெளியிட்ட 'எர்கா மிக்ராந்தெஸ்' அறிவுரை ஏடு. பிறகு திருத்தந்தை பிரான்சிஸ் சொன்ன நான்கு வினைகள்: வரவேற்பது, பாதுகாப்பது, மேம்படுத்துவது, ஒருங்கிணைப்பது. இது கேட்காத வினாத்தாளே கிடையாது.

இதெல்லாம் இத்தாலிக்காரர் கதை என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் நம்ம ஊர்க் கப்பலை இழுத்து வந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கொண்டுபோன கதை. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் நம் ஆட்களை இறக்கியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்! கடற்கரைச் சாலையில் சுண்டல் தின்றுகொண்டு நடக்கிற ஊர் அப்படியொரு துறைமுகமாக இருந்தது என்று எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாது.

ஆங்கில ஏடுகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. 'எர்கா மிக்ராந்தெஸ்' ஏட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். கடைசியில் சட்டமும் மேய்ப்புப்பணி நெறிகளுமாக ஒரு பகுதி இருக்கிறது. அதில் புலம்பெயர்ந்தோரைக் கவனிக்கும் ஆன்ம குரு யார், சொந்த ஊர் ஆயர் என்ன செய்ய வேண்டும், போய்ச் சேர்ந்த ஊர் ஆயர் என்ன செய்ய வேண்டும் என்று பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு முன்னால் போனால் மற்றது தானாகப் புரியும்.

எல்லாரும் பயந்த தாள் திருச்சபைச் சட்டம். எனக்கு மொத்தப் படிப்பும் பிடிபட்டது அங்கேதான். 1983 சட்டத்தொகுப்பில் எண் 102: ஒருவர் ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, ஐந்து ஆண்டு முழுதாகத் தங்கினாலோ அவருக்கு அங்கே உறைவிடம் உண்டு. மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, உண்மையிலேயே மூன்று மாதம் தங்கிவிட்டாலோ, அவருக்கு அங்கே அரை உறைவிடம். எண் 107: இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்த ஊர்ப் பங்குத்தந்தைதான் அவருடைய சொந்தப் பங்குத்தந்தை.

நம் ஊரில் பங்கு ஆள் என்றால் என்ன? குடும்பப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், ஒரு அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில்) சேர்ந்திருக்க வேண்டும், சந்தா பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் சான்றிதழ், அப்போதுதான் கல்யாணம், அப்போதுதான் கல்லறை. சட்டத்தொகுப்பில் சந்தாவைப் பற்றி இப்படி ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதம், அவ்வளவுதான்.

குவைத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே வடக்கு அரேபிய மறைவட்டத்தில், அதாவது குவைத், பஹ்ரைன், கத்தார், சவுதி நான்கிலும், கத்தோலிக்கர் கிட்டத்தட்ட எல்லாருமே பிழைக்கப் போனவர்கள்தான். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்றைக்கே கூட்டம் அலைமோதும். என் வீட்டுக்காரர் தமிழ்த் திருப்பலிக்குப் போய்விட்டு, "பாட்டெல்லாம் நம்ம ஊர் மாதிரியேதான்" என்று போனில் சொல்வார். நீ எந்த அன்பியம் என்ற கேள்விக்கு அவர் அங்கே யாரிடமும் பதில் சொன்னதில்லை.

களப்பணிக்கு இடத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைக் கேட்டார்கள். மொழி சிக்கல் இல்லை, இயேசு சபையின் அகதிகள் பணிக்குழு அங்கெல்லாம் நெடுங்காலமாக வேலை செய்வதால் வழிகாட்ட ஆளும் உண்டு. நான் எங்கள் கோயிலின் கடைசி வரிசையை எடுத்தேன். ஞாயிறு காலைப் பூசையில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் சில பையன்கள் நிற்பார்கள். பிரசங்கம் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் எழுந்தேற்றத்தின்போது, அதாவது குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது, மணி அடித்ததும் முதலில் முழங்காலிடுவது அவர்கள்தான். சிப்காட் பக்கம் வேலை செய்கிற ஜார்க்கண்ட் பையன்கள். கும்லா, சிம்தேகா மாவட்டத்து உராவோன், காரியா பழங்குடிகள், தலைமுறைக் கத்தோலிக்கர்கள்.

என் இந்தி, சின்ன வயதில் இந்தி பிரச்சார சபாவில் பிராத்மிக் எழுதியதோடு சரி. அதை வைத்துக்கொண்டு அவர்கள் லைன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்குகிறார்கள், அதனால் பாய் எப்போதும் விரித்தபடியே கிடக்கும். சுவரில் ஒரு ஆணி. அதில் கம்பெனி அடையாள அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன, அவற்றின் நாடாக்களோடு சிக்கிக்கொண்டு ஜெபமாலைகள். வேலைக்குப் போகும்போது ஒருவன் அட்டையை மட்டும் பிரித்தெடுக்கப் பார்த்து, முடியாமல், இரண்டையும் சேர்த்தே கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினான். "தீதி (அக்கா), சாய்?" என்று கேட்டு, வந்தவளுக்கு ஸ்டீல் டம்ளர், தங்களுக்கு பேப்பர் கப்.

மேய்ப்புப்பணித் தாளில் உரையாடல் பதிவு என்று ஒன்று கேட்பார்கள். சந்திப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவர் சொன்னது, நான் சொன்னது என்று நாடகம் போல வரிக்கு வரி எழுதித் தர வேண்டும். இடையில் அமைதியாக இருந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். மொழி தெரியாததால் என் பதிவில் அமைதிதான் அதிகம். வழிகாட்டி ஃபாதர் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டார், அறிவுரை சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் போனதே நல்லது என்று.

அவர்களுக்கு முதல் தேவை பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. ஊரை விட்டு வந்ததிலிருந்து செய்யவில்லை. இந்தி தெரிந்த குரு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்று சட்டத்தைப் புரட்டினால், எண் 990 மொழிபெயர்ப்பாளர் வழியாகவே செய்யலாம் என்கிறது, எண் 983 அந்த மொழிபெயர்ப்பாளரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. பையன்களிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தீதி காதுல போடுறதுக்கு நாங்க பாவமே செய்யாம இருந்துடறோம்!" அப்புறம் தவக்காலத்தில் புதுச்சேரியிலிருந்து இந்தி தெரிந்த ஒரு குருவை வரவழைத்தோம்.

ஆய்வேட்டுக்கு வழி காட்டியது ஒரு கல்யாணம். அந்தப் பையன்களில் ஒருவன், திருப்பூரில் தையல் வேலை பார்க்கும் தன் ஊர்ப் பெண்ணை இங்கேயே கட்டிக்கொள்ள விரும்பினான். ஊருக்குப் போய் வந்தால் சம்பளம் போய்விடும். எங்கள் பங்கு அலுவலகத்தில் "உங்க ஊர்லயே பண்ணிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எண் 1115 சொல்வது வேறு. இருவரில் ஒருவருக்கு உறைவிடமோ அரை உறைவிடமோ இருந்தால் போதும், ஏன், ஒரு மாதம் தங்கியிருந்தாலே போதும், அந்தப் பங்கில் திருமணம் செய்யலாம். இவன் ஒரு வருஷத்துக்கு மேலாக இருக்கிறான். பங்குத்தந்தையிடம் சட்டப் புத்தகத்தோடு போனேன். அவர் படித்தார், சிரித்தார், "டீச்சர், பேப்பரெல்லாம் ஒழுங்கா வரணும்" என்றார்.

பேப்பர்தான் பெரிய கூத்து. திருமுழுக்குச் சான்றிதழ் போட்டோவாக வாட்ஸ்அப்பில் வந்தது. முத்திரையோடு அசல் வேண்டும் என்றதால், அவன் மாமா மலைக் கிராமத்திலிருந்து பங்கு அலுவலகத்துக்கு நடந்து போய் வாங்கி ஸ்பீட் போஸ்டில் போட்டார். இன்னும் திருமணம் ஆகாதவன் என்ற கடிதம், இரண்டு ஊரிலும் ஓலை வாசித்ததற்கு, அதாவது கல்யாணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவித்ததற்கு, சான்று, பெண் ராஞ்சியில் முடித்திருந்த திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்று. எல்லாம் சேர்ந்தபின் எங்கள் கோயிலில் அந்தப் பெயர்களை ஓலை வாசித்தபோது, உச்சரிக்கத் தெரியாமல் உபதேசியார் திணறியது தனிக் கதை. திருமணம் நடந்தது. பிரியாணி செலவை எங்கள் அன்பியம் ஏற்றுக்கொண்டது. பையன்கள் சாத்ரி மொழியில் பாடி ஆடியதைப் பார்க்க மற்ற அன்பியத்துக்காரர்களும் நின்றுவிட்டார்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "இது இறையியலா, அலுவலக வேலையா?" என்று கேட்டார். அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்று வரும் மத்தேயு 25-ஐ எடுத்துக் காட்டுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் எண் 529-ஐச் சொன்னேன். சொந்த நாட்டை விட்டு வந்தவர்களைத் தேடிப் போவது பங்குத்தந்தையின் கடமை என்று அதில் இருக்கிறது. தேடிப் போகிறவரிடம் ஒரு பெயர்ப்பட்டியல்கூட இல்லாவிட்டால் எங்கே போவார் என்று கேட்டேன். தேர்ச்சி போட்டார்.

படிப்பு முடிந்தும் வேலை முடியவில்லை. குடும்பப் பதிவேட்டில் இப்போது வெளிமாநிலத்தார் என்று தனிப் பக்கம் இருக்கிறது, சந்தாக் கட்டம் இல்லாமல். பங்குப் பேரவையில் அதற்கே இரண்டு பேர் முறைத்தார்கள். இப்போது இழுபறி கல்லறையில். பங்குக்குச் சொந்தக் கல்லறை இருந்தால், வேறு கல்லறையைத் தேர்ந்தெடுக்காதவரை, இறந்தவரை அங்கேதான் புதைக்க வேண்டும் என்கிறது எண் 1180. எங்கள் விதிமுறையோ சந்தா கட்டிய குடும்பத்துக்கு மட்டும் என்கிறது. அந்தப் பையன்கள் வேலை செய்யும் இடங்களை யோசித்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த பேரவைக் கூட்டத்துக்கான பொருள் பட்டியலில் இதை எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். செயலாளர் வாங்கி வைத்திருக்கிறார்.