சோடியம் விளக்கு

சோடியம் விளக்கு போட்டதும் மஞ்சளாக எரியாது. முதலில் நியானின் சிவப்பு, மஞ்சள் வரச் சில நிமிடம் ஆகும். 1996-ல் பி.எஸ்சி. முதலாண்டில் அந்தப் பொறுமை எனக்கில்லை. அந்த வெளிச்சத்தில் அளந்த முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 1.8 வந்தது. பக்கத்து மேசையில் 1.52. சரி என்று, கோணத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலின் ரீடிங்கை மாற்றி எழுதி நீட்டினேன்.

“வெர்னியர்ல மொத்தமே முப்பது கோடுதான். இந்த 34 எங்கேருந்துப்பா வந்துச்சு?” என்றார் சார்.

அப்புறம் எம்.எஸ்சி., எம்.ஃபில்., ஸ்லெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, மணிக்கணக்குச் சம்பளத்தில் ஏழு வருடம் (அதை இன்னொரு நாள் புலம்புகிறேன்). இப்போது நானே இயற்பியல் ஆய்வகத்துப் பொறுப்பாசிரியர்.

இன்று ஒரு மாணவி கொண்டுவந்த நோட்டில் பிசிறில்லாமல் 1.52. வெர்னியர் கட்டத்தைப் பார்த்தேன்: 33.

சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.