நோட்-மாட்யூல்ஸை அழிப்பதற்கு முன்

"என் லேப்டாப்ல ஓடுதே அண்ணே, சர்வர்ல மட்டும் மாட்யூல் கிடைக்கலன்னு சொல்லுது." சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கிலோ ஒன்-நார்த்திலோ நம்மவர்கள் நாலு பேர் இருக்கும் எந்த நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) குழுவிலும் இந்தப் பேச்சு மாதம் ஒருமுறையாவது எழும். உடனே எல்லோர் கையும் போகும் இடமும் ஒன்றுதான்: பேக்கேஜ்கள் (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகள்) வந்து இறங்கும் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழி, அவற்றின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலையும் அழி, மறுபடி இன்ஸ்டால் பண்ணு.

ஃபோல்டரை அழிப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. லாக் ஃபைலை அழிக்கவே கூடாது. தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் ^ (அதே பெரும் பதிப்புக்குள் புதியதும் சரி என்ற குறி) போட்டு எழுதிய ஒவ்வொரு பேக்கேஜும் அப்போது புதிய பதிப்புக்குத் தாவிவிடலாம். பழைய எரர் மறைந்தாலும் ஏன் வந்தது என்று தெரியாது. அடுத்த எரர் வரும்போது எது மாறியது என்றும் சொல்ல முடியாது.

எரரை முழுதாகப் படிப்பதுதான் முதல் வேலை. எந்தப் பெயரைத் தேடியது, எந்தக் கோப்பு அதைக் கேட்டது என்ற இரண்டும் அதில் இருக்கும். கேட்ட கோப்பின் பெயர் 'இம்போர்ட்டட் ஃப்ரம்' அல்லது 'ரெக்வயர் ஸ்டாக்' என்ற இடத்தில் வரும். பெரும்பாலான ஸ்கிரீன்ஷாட்டுகளில் வெட்டுப்படுவது அந்த வரிதான். இங்கே காலை 9 மணி என்றால் சென்னையில் 6:30. அங்குள்ள குழுவுக்கு அனுப்பும் தகவலில் அந்த ஒரு வரி விடுபட்டால் அரை நாள் போய்விடும். முழு எரர், நோட் பதிப்பு எண், கேட்ட கோப்புக்கு மிக அருகிலுள்ள பேக்கேஜ்.ஜேசன் மூன்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

அடுத்து பெயரைப் பாருங்கள். ./ அல்லது ../ என்று தொடங்கினால் தேடப்படுவது உங்கள் கோப்பு. வெறும் பெயரென்றால் பேக்கேஜ். கேட்ட கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு நோட்-மாட்யூல்ஸாக நோட் பார்த்துக்கொண்டு போகும். இன்னொரு கோப்பையோ பேக்கேஜையோ சேர்க்க இரண்டு முறைகள் உண்டு. பழைய ரெக்வயர் முறை .ஜேஎஸ், .ஜேசன் என்று பின்னொட்டைத் தானே ஒட்டிப் பார்க்கும், ஃபோல்டருக்குள் இன்டெக்ஸ்.ஜேஎஸ் இருக்கிறதா என்றும் பார்க்கும். இம்போர்ட் முறை அப்படி ஊகிக்காது, பின்னொட்டை நாம்தான் எழுத வேண்டும். டைப்ஸ்கிரிப்டில் (ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டப்படும் மொழி) 'நோட்நெக்ஸ்ட்' மாட்யூல் அமைப்பு வைத்திருந்தால், மூலக் கோப்பு .டிஎஸ் ஆக இருந்தாலும் இம்போர்ட்டில் .ஜேஎஸ் என்றுதான் எழுத வேண்டும். புதிதாக வருபவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். @/ என்று வைக்கும் குறுக்குப் பாதைகளும் அப்படித்தான்: எடிட்டருக்குப் புரியும், ஆனால் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் அவற்றை மாற்றி எழுதாது, நோட் வந்து முட்டி நிற்கும். பேக்கேஜ்.ஜேசனின் 'இம்போர்ட்ஸ்' பகுதியில் # வைத்துத் தொடங்கும் பெயர்களை நோட்டே புரிந்துகொள்ளும் என்பதால் அதுவே மேல்.

லேப்டாப்பில் ஓடி சர்வரில் விழுந்தால், பெரிய எழுத்து சின்ன எழுத்துச் சிக்கலை முதலில் சந்தேகியுங்கள். மேக்கும் விண்டோஸும் வழக்கமான அமைப்பில் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். எடிட்டரில் தெரியும் பெயரை நம்பாமல் கிட்டின் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கட்டளை காட்டும் பெயரைப் பாருங்கள். எழுத்தின் அளவை மட்டும் மாற்றி ரீநேம் செய்தால் கிட் அதைக் கவனிக்காமல் விடக்கூடும். 'கிட் எம்வி' கொண்டு முதலில் வேறொரு பெயருக்கு மாற்றி, பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள்.

'மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் பயன்படுத்த முடியாது' என்ற எரர் வேறு வகை. 2009இல் பிறந்த நோட் காமன்ஜேஎஸ் (ரெக்வயர்) முறையோடு வளர்ந்தது. இம்போர்ட் 2015இல்தான் ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் வந்தது. ஒரு .ஜேஎஸ் கோப்பு எந்த முறையில் ஓட வேண்டும் என்பதை மிக அருகிலுள்ள பேக்கேஜ்.ஜேசனின் 'டைப்' வரி முடிவு செய்கிறது. டாக்கரில் (ஆப்பையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டும் கருவி) பில்ட் ஆன கோப்புகள் உள்ள டிஸ்ட் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்து பேக்கேஜ்.ஜேசனை விட்டுவிட்டால் அந்த வரியும் போய்விடும். நோட் 22.7 முதல், 'டைப்' இல்லாவிட்டாலும் எழுதிய முறையைப் பார்த்து நோட்டே ஊகித்துக்கொள்கிறது. அதனால் லேப்டாப்பில் 22, சர்வரில் 18 என்றால் பிழை சர்வரில் மட்டுமே தெரியும். அவசரத்தில் 'டைப்: மாட்யூல்' என்று சேர்த்தால் ரெக்வயர் எழுதிய எல்லாக் கோப்பும் ஒரே நேரத்தில் உடையும், கான்ஃபிக் கோப்புகளை .சிஜேஎஸ் என்று பெயர் மாற்றியாக வேண்டும்.

சாக் 5 (டெர்மினல் எழுத்துக்கு நிறம் தருவது), நோட்-ஃபெட்ச் 3 (இணையத்திலிருந்து தரவு எடுப்பது) போன்ற பேக்கேஜ்கள் இம்போர்ட் முறையில் மட்டுமே வருகின்றன. பழைய நோட்டில் அவற்றை ரெக்வயர் செய்தால் எரர்தான். சாக் 4இலேயே நிற்கலாம், அல்லது ஏசிங்க் ஃபங்ஷனுக்குள் 'அவெய்ட் இம்போர்ட்' எழுதலாம். நோட்-ஃபெட்ச் தேவையா என்றே கேட்க வேண்டும், நோட் 18 முதல் ஃபெட்ச் உள்ளேயே இருக்கிறது. நோட் 20.19, 22.12 முதல் இத்தகைய பேக்கேஜையும் ரெக்வயர் செய்யலாம், அதன் மேல்மட்டத்தில் அவெய்ட் இல்லாதவரை. ஆனால் கிடைப்பது ஃபங்ஷன் அல்ல, ஒரு ஆப்ஜெக்ட். 'ஃபங்ஷன் இல்லை' என்று எரர் வந்தால் .டிஃபால்ட் சேர்த்துப் பாருங்கள்.

பேக்கேஜ் டெவ்-டிபென்டன்சிஸில் (உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவற்றின் பட்டியல்) மாட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடப்பது. புரொடக்‌ஷன் பில்ட் 'என்பிஎம் சிஐ --ஓமிட்=டெவ்' என்று ஓடும்போது அது வராது. பேக்கேஜ்.ஜேசனில் எழுதாமலே, இன்னொரு பேக்கேஜ் இழுத்துவந்ததால் மட்டும் ஒன்று வேலை செய்துகொண்டிருப்பதும் உண்டு. 'என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்' யார் இழுத்துவந்தார் என்று காட்டும். வெள்ளிக்கிழமை மாலை டிப்ளாய் செய்வதற்கு முன், ரெப்போவைப் புதிய ஃபோல்டரில் குளோன் செய்து, சர்வரிலுள்ள அதே நோட் பதிப்பில் பில்டை முடித்து, அந்த 'ஓமிட்=டெவ்' கட்டளையோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டாக்கர் எவற்றை எடுக்கக்கூடாது என்று சொல்லும் டாக்கர்இக்னோர் கோப்பில் நோட்-மாட்யூல்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மேக்கில் கம்பைல் ஆன கோப்புகள் லினக்ஸ் இமேஜுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.