போர்த்துக்கீசியர் பகுதியைப் படிக்க ஒரு வழி: முதன்மைத் தேர்வு அனுபவம்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குத் தயாரானபோது, வரலாற்றுப் பாடத்தின் போர்த்துக்கீசியர் பகுதியை ஆளுநர்களின் வரிசையாக மனப்பாடம் செய்யாமல், கடலில் யார் யாரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அந்தக் கேள்விக்கான விடை, போர்த்துக்கீசியர் கப்பல்களுக்கு வழங்கிய கார்டஸ் என்னும் அனுமதிச் சீட்டில் இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இரண்டே வரிகளில் கடந்துவிடும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

கப்பல் தலைவனின் பெயர், கப்பலின் அளவு, சேருமிடம், ஏற்றிச்செல்லும் ஆயுதங்கள் ஆகியவை அந்தச் சீட்டில் குறிக்கப்பட்டன. சீட்டின் விலை சொற்பமே. போர்த்துக்கீசியரின் துறைமுகத்தில் நின்று சுங்கம் செலுத்தியாக வேண்டும் என்ற நிபந்தனைதான் வணிகர்களுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. சீட்டில்லாத கப்பல் பறிமுதலுக்கு உள்ளானது. அக்பரின் ஹஜ் பயணக் கப்பல்களே இச்சீட்டைப் பெற்றுத்தான் சென்றன என்ற ஒரு செய்தி, விடைத்தாளில் பத்து வரி விளக்கத்துக்குச் சமம்.

இதைப் புரிந்துகொண்டால் மோதல்கள் தாமாகவே வரிசையில் அமரும். 1500இல் கள்ளிக்கோட்டையில் போர்த்துக்கீசியரின் பண்டகசாலை தாக்கப்பட்டதும், அவர்களின் கப்பற்படைத் தலைவர் கேப்ரல் நகரைப் பீரங்கியால் சுட்டுவிட்டுக் கொச்சிக்குச் சென்றார். கள்ளிக்கோட்டை அரசரான சாமூதிரியின் மேலாதிக்கத்தை வெறுத்த கொச்சி அரசர் அவரை வரவேற்றார். எகிப்தை ஆண்ட மம்லூக்குகளும் குஜராத்தும் கூட்டுச் சேர்ந்து 1508இல் கொங்கணக் கரையிலுள்ள சௌல் அருகே போர்த்துக்கீசியரை வென்றதற்கும், மறு ஆண்டு குஜராத் கரையிலுள்ள டையூவில் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்மெய்டாவிடம் தோற்றதற்கும் செங்கடல் வழி மிளகு வணிகமே அடிப்படை. கொள்குறி வினாக்களில் பலர் தடுமாறுவது இங்கேதான்: டையூ கடற்போர் நடந்தது 1509இல், அங்கே போர்த்துக்கீசியர் கோட்டை கட்ட குஜராத் சுல்தான் பகதூர் ஷா இசைந்தது 1535இல். கோவாவை 1510இல் பிஜப்பூரிடமிருந்து கைப்பற்றியவர் அல்மெய்டா அல்லர், அவருக்குப் பின் ஆளுநரான அல்புகர்க்.

வீழ்ச்சிக்கான காரணங்களை எழுதும்போது மதக் கொள்கை, ஊழல் என்ற வழக்கமான பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். 1565இல் விஜயநகரம் சரிந்ததால் கோவாவின் குதிரை வணிகம் நலிந்ததையும், 1580இல் ஸ்பெயின் மன்னரே போர்ச்சுக்கலுக்கும் மன்னரானதால் டச்சுக்காரரின் பகை வந்து சேர்ந்ததையும் சேர்த்தால், 1658இல் நாகப்பட்டினமும் 1663இல் கொச்சியும் ஏன் டச்சுக்காரரிடம் கைமாறின என்பது விளங்கும்.

‘எதிர்ப்பு’ பற்றிய வினா வந்தால் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைத் தவறாமல் எழுதுங்கள். ஆனால் ‘இந்தியர் ஒருபுறம், அந்நியர் மறுபுறம்’ என்று எழுதிவிடாதீர்கள். நான்காம் குஞ்ஞாலியின் கோட்டையை 1600இல் போர்த்துக்கீசியர் வீழ்த்தியபோது, அவர்களோடு சேர்ந்து முற்றுகையிட்டது அவருடைய முன்னாள் தலைவரான சாமூதிரியின் படைதான்.