பேஸ்58 கேள்வியில் நான் விட்ட ஒரு '1'

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பேருந்தில் போய்வந்து முதுநிலைக் கணினி அறிவியல் படித்த நாட்களில், பிளாக்செயின் (பிட்காயின் போன்ற மின்னணுப் பணத்தின் பரிமாற்றங்களைப் பதியும் பேரேடு) என்னும் விருப்பப் பாடத்தில் எளிதென்று நினைத்து நான் மேலோட்டமாகப் புரட்டிய பகுதி, பைட்டுகளை, அதாவது 0 முதல் 255 வரையிலான எண்களை, பிட்காயின் முகவரியின் (கணக்கு எண் போன்றது) எழுத்துகளாக மாற்றும் முறை. மதிப்பெண் போனதும் அங்கேதான்.

0, 1, 44 என்னும் மூன்று பைட்டுகளை பேஸ்58-இல், அதாவது 58 எழுத்துகளைக் கொண்டு எண்ணை எழுதும் முறையில், எழுதச் சொல்லியிருந்தார்கள். 1×256+44 என்றால் 300; அதை 58-ஆல் வகுக்க ஈவு 5, மீதி 10. எழுத்து வரிசையில் பூஜ்யத்தின் இடத்தில் 1 நிற்பதால் 5-க்கு 6, ஒன்பது இலக்கங்களுக்குப் பின் பெரிய எழுத்துகள் வருவதால் 10-க்கு பெரிய பி (B) என்று வரும்; நானும் '6பி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சரியான விடை '16பி'. முன்னால் நிற்கும் பூஜ்ய பைட் கூட்டல் கணக்கில் காணாமல் போய்விடும் என்பதால், அத்தகைய ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு '1' தனியே சேர்க்க வேண்டும். பிட்காயினின் பழைய வகை முகவரி '1' என்று தொடங்குவதும் அதன் பதிப்பு பைட் (வகையைக் காட்டும் முதல் பைட்) பூஜ்யமாக இருப்பதால்தான்.

எழுத்து வரிசையை உருப்போட வேண்டாம். பத்து இலக்கங்கள், ஐம்பத்திரண்டு ஆங்கில எழுத்துகள் ஆகிய 62-இல் பூஜ்யம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் நீக்கப்பட்டன என்று புரிந்துகொண்டால் போதும். தாத்தாவின் கணக்கு நோட்டில் ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் ௭-ஐ எ என்று படித்தவர்களுக்கும், மலையாளப் பலகையில் வட்டமாக நிற்கும் எழுத்தைப் பூஜ்யமென்று எண்ணியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கண்டறிய உதவும் சரிபார்ப்புப் பகுதியில் பலர் தடுமாறுகிறார்கள். பதிப்பு பைட் ஒன்றும் ஹாஷ் (தரவின் சுருக்க அடையாளம்) பைட்டுகள் இருபதும் சேர்ந்த 21 பைட்டுகளையும் ஷா-256 என்னும் ஹாஷ் கணிப்பு முறையில் இருமுறை செலுத்தி, விடையின் முதல் 4 பைட்டுகளை இறுதியில் ஒட்ட வேண்டும். பதிப்பு பைட்டை விட்டுவிட்டு ஹாஷை மட்டும் செலுத்துவது வழக்கமான பிழை. தவறாக எழுதப்பட்ட முகவரி தற்செயலாகத் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று.

புதிய வகை முகவரிகளுக்காக 2017-இல் முன்மொழியப்பட்ட பெக்32 (Bech32) முறையில் பெரிய வகுத்தல் இல்லை. 8 பிட் (பிட் என்பது 0 அல்லது 1) கொண்ட பைட்டுகளை 5 பிட் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 32 எழுத்துகளில் ஒன்றைத் தருகிறோம். நான்கு எழுத்துகள் வரை மாறியிருந்தால் உறுதியாகக் கண்டுபிடிக்கும் என்பதே அதன் சிறப்பு. 20 பைட்டுகள் 160 பிட்டுகளாகி மிச்சமின்றி 32 எழுத்துகளாகும். ஆனால் 32 பைட்டுகள் என்றால் 256 பிட்டுகள்; ஐந்தால் வகுபடாததால் நான்கு பூஜ்யங்களை இறுதியில் இட்டு 52 எழுத்துகளாக்க வேண்டும். பயிற்சிக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னொட்டும் (bc) பிரிப்பானும் (1) மூன்று, சரிபார்ப்பு ஆறு என எல்லாம் சேர்ந்து 62 எழுத்துகள் வர வேண்டும். உங்களுக்கு 61 வந்தால், பதிப்பைக் குறிக்கும் ஒற்றை எழுத்தை விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.