ஒலிவாங்கி இல்லாத ஒரு பிற்பகல்

இலங்கையின் மலையகத்தில் இசை பெரும்பாலும் தொலைவுக்காகவே அமைந்தது. தோட்டத்துக் கோவில் திருவிழாவில் மரக்கிளையில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பக்கத்து டிவிஷனின் லயங்களுக்கும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும், கேட்க வேண்டும். காமன் கூத்தின் தப்பொலி மலைச்சரிவு முழுவதும் எட்ட வேண்டும். இதில் எனக்குக் குறையேதும் இல்லை. வெட்டவெளியில் ஊரே கூடி நிற்கும்போது அந்த ஓசைதான் தகும். ஆனால் ஓர் அறைக்குள் சிலர் மட்டும் அமர்ந்து, ஒலிவாங்கி ஏதுமின்றி, வாத்தியத்தின் மரத்திலிருந்து நேரே எழும் நாதத்தைக் கேட்கும் வாய்ப்பு எங்கள் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இல்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆண்டுதோறும் பாடம் பண்ணுகிற பிள்ளைகள்கூட, தேர்ந்த கலைஞர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் வாசிக்கக் கேட்டதில்லை.

ஆகவே, கொழும்பிலிருந்து வந்த இளைஞர் நால்வர் நுவரெலியாவில் பழைய தேவாலயம் ஒன்றின் மண்டபத்தில் வாசிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என்னிடம் வயலின் பயிலும் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு போனேன். சிறு அறைக்கென அமைந்த மேற்கத்தேயச் சேம்பர் இசையின் அடிப்படை அமைப்பான இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் ஒரு செல்லோ. முன்னால் கோலை வீசி நடத்த யாரும் இல்லை. எடுத்துக்கொண்டது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் 1797 அளவில் இயற்றிய 'எம்பரர்' என்னும் நால்வர் இசை. அதன் இரண்டாம் பகுதியின் மெட்டு, ஆஸ்திரியப் பேரரசரை வாழ்த்த ஹைடனே அமைத்தது. இன்று அதுவே ஜெர்மனியின் தேசிய கீதமாக ஒலிக்கிறது.

கர்நாடக இசையில் ஊறிய காதுக்கு அந்த இரண்டாம் பகுதி ஒரு வியப்பு. நாம் சங்கதி போடும்போது பல்லவி வரியே ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிளைத்து வளர்கிறது. இங்கே மெட்டு கடைசிவரை ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதை ஏந்தும் ஆளும் அதைச் சுற்றி எழும் குரல்களுமே மாறுகின்றன. முதலில் முதல் வயலின் அதைச் சொல்கிறது. அடுத்து இரண்டாம் வயலின் எடுத்துக்கொள்ள, முதல் வயலின் அதன்மேல் நுணுக்கமான கோலம் போடுகிறது. அவ்வளவு நேரமும் வியோலாவும் செல்லோவும் மடியில் வில்லை வைத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. அதன்பின் செல்லோ, பிறகு வியோலா, கடைசியாக மீண்டும் முதல் வயலின். ஒலித்தட்டில் பலமுறை கேட்டிருந்தும், வாசிக்காமல் அமர்ந்திருந்த அந்த இருவரும் எவ்வளவு கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நான் அன்றுதான் கண்டேன். செல்லோக்காரப் பெண் தன் முறை வருவதற்குச் சற்று முன் மூக்கால் மூச்சை இழுத்தது எங்கள் இருக்கைவரை கேட்டது. அந்த மூச்சுதான் மற்ற மூவருக்கும் தாளம். தாள் புரட்டும் சிரமம் இப்போது இல்லை. டேப்லட்டை ஸ்டாண்டில் வைத்துக் காலடியில் இருக்கும் பெடலை மிதித்துப் பக்கம் மாற்றுகிறார்கள். பிள்ளைகள் முதலில் கவனித்தது அந்தப் பெடலைத்தான்.

என் பக்கத்திலிருந்த பையன் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், எல்லாரும் ஒரே பாட்டையா வாசிக்கிறாங்க?" "பாட்டு ஒன்னுதான் மகன், ஆள்தான் மாறுது" என்றேன். அவன் அதற்குப் பிறகு மெட்டு யாரிடம் இருக்கிறது என்று விரலை மடியில் வைத்துச் சுட்டிக்கொண்டே இருந்தான். ஒரு தடவையும் தவறவில்லை. வியோலாவின் முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. கீழே பலகை அடித்திருந்தும் பயனில்லை. வியோலா இயல்பிலேயே அடங்கிய குரலுடையது. வில் நகர்வதைக் கண்டோம், நாதத்தில் பாதிதான் வந்து சேர்ந்தது. நால்வரும் நிறுத்தவில்லை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு, மழை விட்டதும், யாரும் கேட்காமலேயே அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார்கள். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் இப்படி நடக்காது.

ஹைடன் 60க்கும் மேற்பட்ட நால்வர் இசைகளை எழுதியவர். அவற்றில் பெரும்பாலானவை பிரபுக்களின் வரவேற்பறைகளில், வாசிப்பவர்களின் இன்பத்துக்காகவே ஒலித்தவை. 1790களில் லண்டனின் கட்டணக் கச்சேரிகளுக்கு எழுதியபோது, பேசிக்கொண்டிருக்கும் சபையை அடக்குவதற்காக அவர் சிலவற்றை உரத்த தொடக்கத்துடன் அமைத்தார். நம் இசையும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. அரசவையிலும் மிராசுதார் வீட்டுக் கூடத்திலும் பாடப்பட்டது சென்னைச் சபாக்களுக்குப் போயிற்று. 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. ஒலிபெருக்கி வந்தபின், முன்போல் உச்சக் குரலில் பாடி அரங்கை எட்டவேண்டிய கட்டாயம் போயிற்று. அது பாடகருக்கு நன்மைதான். ஆனால் இப்போது சிறு மண்டபத்திலும் மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்து, வயலினைக் கீச்சிட வைத்து, பாடுபவர் 'மானிட்டரைக் கூட்டுங்கள்' என்று சைகை காட்டும் நிலையை நான் நன்மையென்று ஒப்ப மாட்டேன். ஐம்பது பேருக்கு அது எதற்கு?

அறைகள் எங்களிடம் இல்லாமல் இல்லை. துரைமார் காலத்துத் தேவாலயங்கள் நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் இன்றும் நிற்கின்றன. மரத் தளமும் உயர்ந்த கூரையும் கொண்ட அவை நரம்பு வாத்தியத்துக்கென்றே கட்டியவை போலிருக்கின்றன. பழைய பங்களாக்கள் சில விடுதிகளாகி, வரவேற்பறைப் பியானோவை உல்லாசப் பயணிகளுக்காக வைத்திருக்கின்றன. அந்தப் பங்களாவைச் சுற்றிக் கொழுந்து பறிப்பவர்கள் அந்த இசையை ஜன்னலுக்கு வெளியேகூட நின்று கேட்பதில்லை. பள்ளி மண்டபங்கள் சீமெந்துத் தரையும் வெறும் சுவருமாக எதிரொலிக்கின்றன என்பது உண்மை. நாற்பது பேர் வந்து அமர்ந்துவிட்டால் அந்த எதிரொலி பெரிதும் அடங்கும். உண்மையான தடை பஸ்தான். கொழும்பில் நல்ல கச்சேரிகள் மாலை ஏழு மணிக்குத் தொடங்குகின்றன. இங்கிருந்து போய்க் கேட்டுவிட்டு அன்றே திரும்ப வழியில்லை. இங்கேயே நடந்தாலும் ஆறு மணிக்குமேல் தோட்டத்துக்குப் போகும் பஸ் அரிது. ஆகையால் மலையகத்தில் இத்தகைய கச்சேரி வைப்பவர் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வைக்க வேண்டும். பெரிய நகரத்துக் கலைஞர்களுக்கு அது சற்று அசௌகரியம், அவ்வளவுதான்.

நாங்களும் ஒன்று நடத்திப் பார்ப்பதாக இருக்கிறோம்: வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா, மின்சாரத்தில் இயங்கும் எதுவும் இல்லை. பாடுபவர் உடனே சம்மதித்தார். மிருதங்க வித்துவான்தான் யோசித்தார். ஹட்டன் பக்கத்து ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், பாட்டின் நடுவே தட்டிச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். கூரை ஓடா தகரமா என்றும் கேட்டார். தகரம் என்றேன். ஐப்பசியில் வேண்டாம், தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.