குழுவுக்கு வெளியே இருப்பவர்கள்

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். குறிப்பு, ஒப்படை, புள்ளி எல்லாவற்றுக்கும் மூடில் தளம் இருக்கிறது. ஆனால் பாடம் பற்றிய பேச்சு நடப்பது வாட்ஸ்அப் குழுவில்தான். பிள்ளைகளின் சோம்பல்தான் காரணம் என்று சொல்லும் சக விரிவுரையாளர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொலைபேசிக் கம்பனிகள் சமூக ஊடகத்துக்கென்றே மலிவான பக்கேஜ் விற்கின்றன. அதைப் போட்டிருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் திறக்கும். அதையே மூடிலிலிருந்து இறக்கப் போனால் வேறு டேட்டா வேண்டும். மகாபொலப் புலமைப்பரிசில் காசை நம்பி வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கிற பிள்ளை எதைத் தெரிவுசெய்யும்?

2020இல் வளாகங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாக சூமும் பல்கலைக்கழகத் தளங்களும் டேட்டாக் கட்டணமின்றிக் கிடைத்தன. அந்த மாதங்களில் என் பிள்ளைகள் மூடிலுக்கு ஒழுங்காக வந்தார்கள். சோம்பல் அப்போது எங்கே போயிருந்ததோ!

குழுவில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். 2, 4, 6, 8 என்ற நான்கு எண்களை ஒரு மாதிரியாகக் கொடுத்து, மாறற்றிறன், அதாவது எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு, காணச் சொல்லியிருந்தேன். இரவு பத்து மணிக்குமேல் ஒரு மாணவி எனக்கு மட்டும் கொப்பித் தாளைப் படம்பிடித்து அனுப்பினார். சராசரி 5. விலகல்கள் −3, −1, 1, 3. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 20. அதுவரை சரி. அப்புறம் 4ஆல் வகுத்து, வெட்டி, 3ஆல் வகுத்து, அதையும் வெட்டியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு. பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். “மிஸ், ட்யூட்ல 3ஆல பிரிக்கச் சொல்லிக் கிடக்கு. எண் நாலுதானே இருக்கு?”

வகுப்பில் இந்தப் பிள்ளை வாய் திறந்து நான் கண்டதில்லை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. நிறைந்த மண்டபத்தில் எழுந்து தட்டுத்தடுமாறிக் கேட்க யாருக்கு மனம் வரும்? அவரிடம் கேட்டுக்கொண்டு, பெயர் தெரியாதபடி படத்தைக் குழுவில் போட்டு, ‘ஏன் 3?’ என்று மட்டும் எழுதினேன். முதலில் சூத்திரம் வந்தது. சூத்திரம் எனக்கும் தெரியும், காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். ஆங்கில எழுத்தில் தமிழும் ஆங்கில எழுத்தில் சிங்களமுமாக நெடுநேரம் இழுபறி. கடைசியில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருவர் முடிச்சை அவிழ்த்தார்: விலகல்களைக் கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான். ஆகவே −3, −1, 1 தெரிந்துவிட்டால் நாலாவது 3 ஆகத்தான் இருக்க வேண்டும். தன்னிஷ்டப்படி மாறக்கூடியவை மூன்றுதான். மாதிரியின் சராசரியிலிருந்தே அளக்கும்போது சிதறல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், 3ஆல் வகுப்பது அதை ஈடுசெய்கிறது என்பதை மட்டும் நான் சேர்த்தேன்.

ஆனால் குழுவென்றால் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். முதலாம் வருடத்துப் பெண் பிள்ளைகளின் இலக்கம் சீனியர்மாரின் கைக்குப் போனால் என்னவாகும் என்று இங்கே படித்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. 1998இல் பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தபோது, வதைப்பதற்கு விடுதியும் மரத்தடியும் வேண்டியிருந்தன; இப்போது போன் போதும். அதனால் அறிவித்தல்களை இலக்கம் தெரியாத கம்யூனிட்டி முறைக்கு மாற்றிவிட்டேன். பேச்சுக் குழுவில் சேர்வது அவரவர் விருப்பம். புள்ளிகளும் ஒப்படைத் திகதிகளும் மூடிலில் கட்டாயம் இருக்கும். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது: 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அண்மையில் மாதிரியெடுப்புப் பாடத்துக்காக, காலையில் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். பிறகு வகுப்பில் கை உயர்த்தச் சொல்லி அதையே கேட்டேன். விடை வேறு. குழுவில் பதில் போட்டவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் தங்கியிருப்பவர்கள். அவிசாவளை, களுத்துறைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் காலையில் இரண்டு கையும் பஸ் கம்பியில். டேட்டா முடிந்திருந்தவர்களும் இருந்தார்கள். பாடப்புத்தக உதாரணத்தைவிட இது நன்றாகவே மண்டையில் ஏறியது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “மிஸ், அப்ப வாட்ஸ்அப் குழு பிரயோசனமா எண்டு போன செமஸ்டர் கேட்ட படிவமும் குழுவிலதானே வந்தது?”

வகுப்பே சிரித்தது. அந்தப் படிவத்தின் முடிவுகளைப் பீடக் கூட்டத்தில் காட்டிப் பாராட்டு வாங்கியிருந்தோம். இந்த முறை தாளில் அடித்து மண்டபத்தில் கொடுக்கப்போகிறேன். விரிவுரைக்கு வராதவர்கள் அதிலும் அகப்பட மாட்டார்கள்தான்.