டி, யு, ஒய், எச், டபிள்யூ

இருபது வருஷமாக வரலாறு நடத்துகிறேன். ஆன்லைன் கோர்ஸ் தயாரிக்கப் பத்து நாள் பயிற்சி என்றார்கள். வழக்கமான ஐம்பது நிமிஷ வகுப்பைக் கேமரா முன்னால் எடுத்தால் முடிந்தது என்ற நினைப்பில்தான் போனேன்.

முதல் இரண்டு நாள் ஸ்வயம் என்ற மத்திய அரசின் ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் நான்கு பகுதிகள்: வீடியோ, வாசிப்புப் பாடம், வினாடி வினா, சந்தேகம் கேட்கும் மன்றம். கொட்டாவிதான்.

மூன்றாம் நாள் பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். எங்கள் நோட்ஸை அவர் லேப்டாப்பில் என்விடிஏ என்ற, திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கும் மென்பொருள் வாசித்தது. என்னுடையதில் தலைப்பிலேயே உளறல். அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டார்: டி, யு, ஒய், எச், டபிள்யூ.

"சார், இது என்ன பாஷை?"

நான் அடித்திருந்தது 'வரலாறு'. பாமினி எழுத்துரு, கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்துக்கே தனி எண் வைத்திருக்கும் யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டாயிற்று. கை பழகிவிட்டதால் நான் மாறவில்லை. அறையில் யாரும் சிரிக்கவில்லை, பாதிப் பேர் பாமினிதான்.

அன்றிரவே கன்வர்ட்டரில் போட்டேன். தமிழ் சரியாக வந்தது. ஆனால் நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்திருந்த பெயர்களெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிட்டன. ஒரே ஒரு அலகைத் திருத்த மூன்று இரவு போனது.

பிறகு, படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக என்விடிஏ வாசிக்கும் விளக்கம். ஒரு படத்துக்கு 'வரைபடம்' என்று எழுதி வைத்தேன்.

"இதுல எதைப் பார்க்கணும்னு போட்டீங்க சார்?" என்றார் பயிற்சியாளர்.

யோசித்து எழுதினேன்: 'திப்புவின் நாட்டிலிருந்து கம்பெனிக்குப் போன பகுதிகள். 1792-இல் பாராமகால், திண்டுக்கல், மலபார். 1799-இல் கோயம்புத்தூர், கனரா.' கண் தெரிந்த பிள்ளைகளுக்கே இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. அதே படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துக் காட்டினார். 1792-இன் சிவப்பும் 1799-இன் பச்சையும் ஒரே சாம்பல். ஒன்றுக்குக் கோடு போட்டு, இரண்டிலும் ஆண்டை எழுதினேன்.

வீடியோ விஷயத்தில்தான் சண்டை. எடெக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் வீடியோக்களை ஆராய்ந்து 2014-இல் வந்த கட்டுரையைக் காட்டி, ஆறு நிமிஷத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையை ஆறு நிமிஷத்தில் எப்படி முடிப்பது? பதினொன்றில் நிறுத்தினேன். இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை. தானியங்கி வசனவரி, ரயத்துவாரிக்குப் பேர்போன கம்பெனி அதிகாரி மன்றோ வரும் இடத்திலெல்லாம் 'மன்றம்' என்று போட்டிருந்ததைத் திருத்தத்தான் ஒரு முழு மதியம்.

கடைசி நாள் அதே மாணவர், பாடங்களை ஏற்றி வைக்கும் மூடுல் தளத்தில் என் அலகைத் திறந்தார். 'வரலாறு' என்றது என்விடிஏ. எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. அடுத்த தலைப்புக்குத் தாவ எச் விசையைத் தட்டினார். அடுத்த தலைப்பு இல்லை என்றது. மறுபடி தட்டினார். அதே பதில்.

"சார், தலைப்பையெல்லாம் போல்டு மட்டும் பண்ணி விட்டுட்டீங்களா?"

ஆமாம். பதினான்கு தலைப்பு. உட்கார்ந்து ஒவ்வொன்றாக, என்விடிஏவுக்கும் தலைப்பு என்று தெரியும்படி, தலைப்பு ஸ்டைலுக்கு மாற்றினேன்.